கேளாச் செவியின் துணிவு

சாரணியம் என்றால் சீருடையும் அணிவகுப்பும் மட்டுமே என்று கருதுவோர் உளர். சிறுமியர் தம் ஆற்றலைத் தாமே அறிவதுதான் அதன் உயிர் என்பதற்கு ஜூலியட் கார்டன் லோவின் வாழ்வு சான்று.

அமெரிக்காவின் சவானா நகரில் 1912ஆம் ஆண்டு 18 சிறுமியருடன் அவர் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு அகவை 51. செவித்திறனோ பெரிதும் குன்றியிருந்தது. அக்குறையையே அவர் கருவியாக்கினார். உதவ மறுப்போரின் சொல் காதில் விழாதவர்போல் இருந்து, அவர்களையே பணியில் ஈடுபடுத்தினார். பொருள் போதாதபோது தம் முத்துமாலையை விற்றார். இல்லத்துக்குள் இருக்கப் பழகிய சிறுமியர் வெளியே வந்து கூடாரமிட்டனர், முதலுதவி கற்றனர், கூடைப்பந்து ஆடினர்.

1927இல் அவர் மறைந்த பின்னரும் இயக்கம் தழைத்தது. ‘பெண்ணால் இயலாது’ என்னும் சொல்லுக்குச் செவிசாயாத துணிவே அவர் விட்டுச்சென்ற செல்வம். அத்துணிவை ஊட்டாத கல்வி நிறைவுடையதாகாது.