விட்டது எத்தனை, வந்தது எத்தனை?

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் லா ஃபோந்தேனின் ஒரு கதையை மனப்பாடம் செய்திருக்கிறேன். பிடிபட்ட குட்டி மீன், வளர்ந்து பெரிதாகும்வரை தன்னை விட்டுவிடும்படி மீனவனிடம் கெஞ்சும். அவன் விடமாட்டான். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுச் சால்மன்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குட்டி மீன்தான் நினைவுக்கு வருகிறது.

அங்கே ஐடஹோ மலையோடைகளில் பிறக்கும் சால்மன் குஞ்சு, எட்டு அணைகளைத் தாண்டித்தான் கடலுக்குப் போயாக வேண்டும். பெரிய குஞ்சுக்குச் சில வசதிகள் உண்டு. வேகமாக நீந்தும். அதை விழுங்கும் அளவுக்கு வாய் அகன்ற எதிரிகள் குறைவு. கடலில் முதல் குளிர்காலத்தைத் தாங்க உடம்பில் கொழுப்பும் இருக்கும். 2001இல் பீமிஷ், மான்கென் என்ற இரு ஆய்வாளர்கள், முதல் கோடைக்குள் போதிய அளவு வளராத குஞ்சுகளே அந்தக் குளிர்காலத்தில் அதிகம் மடிகின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

அப்படியானால் பண்ணையில் நன்றாகத் தீனி போட்டு, கொழுக்க வைத்து விட்டால் போதுமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பண்ணைக் குஞ்சு பெரும்பாலும் காட்டுக் குஞ்சைவிடப் பெரியது. ஆனாலும் பல இடங்களில் திரும்பி வருவது குறைவு. மேலிருந்து தீனி விழுந்தே பழகியதால் அது நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும். முகத்துவாரத்தில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் காத்திருக்கும். உருவில் பெரிய ஸ்டீல்ஹெட் குஞ்சுகளைத்தான் அந்த ஆலாக்கள் அதிக விகிதத்தில் தின்கின்றன. இன்னொன்று, அளவுக்கு மீறி வேகமாக வளர்க்கப்படும் ஆண் குஞ்சுகளில் சில, கடலைப் பார்க்காமலே பருவமடைந்துவிடுகின்றன.

என் குமாஸ்தா வாழ்க்கையில் ஆண்டறிக்கைகளை எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன். 'நடப்பட்ட மரக்கன்றுகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'பிழைத்தவை' என்ற கட்டம் இருக்காது. நானும் கேட்டதில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

கொலம்பியாவில் அந்தக் கட்டம் இருக்கிறது. அரிசி மணியைவிடச் சற்றே பெரிய மின்னணு அடையாளத்தைக் குஞ்சின் உடம்பில் வைத்து, அணைகளைக் கடக்கும்போதும் வருடங்கள் கழித்துத் திரும்பும்போதும் பதிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், பண்ணைக்குப் பணம் ஒதுக்குபவர்கள் பார்க்க வேண்டியது அந்தப் பதிவைத்தான். விட்ட குஞ்சின் எண்ணிக்கையும் எடையும் முதல் பக்கத்துக்கு அழகு சேர்க்கும், அவ்வளவுதான். ஆற்றுக்குத் திரும்பி வந்து முட்டையிடும் மீன்தான் நிஜக் கணக்கு.

லா ஃபோந்தேனின் குட்டி மீன் வளர்ச்சியை மட்டும் நம்பிக் கெஞ்சியது. பெரிதானால் மட்டும் போதாது என்று இப்போது அதனிடம் சொல்லத் தோன்றுகிறது.