எந்த விமானம், எந்த நாள்?



உங்கள் பொழுதுபோக்குகளைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். தோட்டம், தபால்தலை, கோலம் என்று வந்த கடிதங்களுக்கு நடுவே நான் எதிர்பார்க்காத ஒரு கட்டு இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்களையும் டாங்கிகளையும் சிறிய அளவில் ஒட்டி, வண்ணம் அடித்து, அலமாரியில் வைப்பவர்கள் எழுதியவை அவை. அவர்களில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பல் மருத்துவர், கல்லூரி மாணவி என்று பலதரப்பட்டவர்கள் உண்டு. கூடவே ஒரு வாசகியின் குமுறலும் வந்திருந்தது. ஐம்பது வயது மனுஷன் ராத்திரி பதினொரு மணிக்கு உப்புத்தாளை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பொம்மையைத் தேய்க்கிறார், இது எதில் சேர்த்தி என்று கேட்டிருந்தார். நானும் அந்தக் கட்சிதான் என்பதால் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் தேய்ப்பது ஒட்டுத் தடத்தை. விமானத்தின் உடல் இடது பாதி, வலது பாதி என்று இரண்டு துண்டாக வரும். பசை போட்டுச் சேர்த்தால் முதுகில் ஒரு கோடு நிற்கும். நிஜ விமானத்தில் அந்தக் கோடு கிடையாது. பட்டி வைத்து, காய விட்டு, தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பிறகு பிரைமர் அடித்தால், போய்விட்டது என்று நினைத்த கோடு மறுபடி எழுந்து நின்று சிரிக்கும். திரும்பவும் பட்டி, திரும்பவும் உப்புத்தாள். பதினொரு மணி ஆகத்தான் செய்யும்.

ஆனால் இது கைவேலை மட்டும் என்றால் நான் இந்தப் பக்கத்தை இதற்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஒட்டி முடித்து, சாம்பல் நிறத்தில் விமானம் மேஜையில் நிற்கும்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது: இதற்கு என்ன வண்ணம் அடிப்பது? அதற்கு விடை வேண்டுமானால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இது எந்த விமானம்? இது எந்த நாள்?

இப்போது என் மேஜையில் இருப்பது போல்டன் பால் டிஃபையன்ட். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கிட், 1/72 அளவு. நிஜத்தில் இறக்கையின் நீளம் முனைக்கு முனை 12 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு. என் மேஜையில் அது 16.7 சென்டிமீட்டர். ஸ்பிட்ஃபயர் விமானத்தைத் தெரிந்தவர்களுக்கும் இதைத் தெரிந்திருக்காது. தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1937-ல் முதன்முதலாகப் பறந்த இந்தப் போர் விமானத்துக்கு முன்னால் சுடும் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு வீரர், அவர் கையில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். எதிரியின் குண்டுவீச்சு விமானத்துக்குப் பக்கத்திலேயே பறந்து சுட்டுத் தள்ளலாம் என்பது திட்டம். ஆனால் குண்டுவீச்சு விமானங்கள் காவலுக்கு ஆள் இல்லாமல் தனியாக வரும் என்று அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் நினைத்துவிட்டார்கள்.

இதை முதலில் பெற்ற படைப்பிரிவு பிரிட்டிஷ் விமானப்படையின் 264-வது ஸ்க்வாட்ரன். அதன் முழுப் பெயரைச் சொன்னால் ஏன் இந்த விமானத்தை எடுத்தேன் என்று புரியும்: 264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்க்வாட்ரன்.

ஆம், நம் மெட்ராஸ்தான். அன்றைய சென்னை மாகாணத்தில் போருக்காகத் திரட்டிய நிதியைப் பாராட்டும் விதமாக, மூன்று ஸ்க்வாட்ரன்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள்: 79, 234, 264. ஹைதராபாத், மைசூர், பம்பாய் பெயர்களிலும் ஸ்க்வாட்ரன்கள் உண்டு. 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. 79 இங்கிலாந்தில் ஹரிகேன் ஓட்டிவிட்டு, பிறகு இந்தியாவுக்கு வந்து பர்மா முனையில் சண்டையிட்டது. அந்த நிதிக்கு மனமுவந்து கொடுத்தவர்களும் இருப்பார்கள். மேலிடத்திலிருந்து கேட்டார்கள் என்று கொடுத்தவர்களும் இருப்பார்கள். நிதி திரண்ட அதே 1940-ன் கடைசியில்தான், இந்தப் போருக்கு ஆளும் கொடுக்காதே, பணமும் கொடுக்காதே என்று சொல்லித் தனிநபர் சத்தியாகிரகிகள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜாஜி கைதானது அந்த டிசம்பரில். ஒரே மாகாணம், ஒரே வருஷம். இதையெல்லாம் நான் எந்தச் சரித்திர வகுப்பிலும் படிக்கவில்லை. டிஃபையன்டின் வயிற்றுக்கு என்ன வண்ணம் என்று தேடப் போன இடத்தில் கிடைத்தது.

அந்த வயிற்றின் கதைக்கு வருகிறேன். 1940 மே மாதம் வரை பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பக்கத்தில் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. தரையில் இருக்கும் நம் ஆள் அண்ணாந்து பார்த்ததும் இது நம்முடையது என்று தெரிய வேண்டும், பீரங்கியைத் திருப்பிவிடக் கூடாது, அதற்காக. ஜூன் தொடக்கத்தில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, பச்சை லேசாகக் கலந்த வெளிர் வான நிறத்துக்கு மாறினார்கள். அந்தச் சாயம் எல்லா இடத்துக்கும் உடனே போய்ச் சேரவில்லை. அங்கங்கே கிடைத்ததைக் கலந்து அடித்ததும் உண்டு.

ஆகவே 1940 மே 29-ஆம் தேதி பிரான்ஸின் டன்கர்க் கடற்கரைக்கு மேலே பறந்த 264-ஐச் செய்கிறேன் என்றால் கறுப்பும் வெள்ளையும். அன்று அவர்கள் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னார்கள். ஒரே எதிரி விமானத்தை நான்கு கூண்டுகளிலிருந்து சுட்டால் நான்கு பேரும் நான்தான் என்பார்கள். போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்ததில் எண்ணிக்கை வெகுவாக இறங்கிவிட்டது. ஆகஸ்ட் 24-ஐச் செய்கிறேன் என்றால் வான நிறம். அன்று ஸ்க்வாட்ரன் தலைவர் ஃபிலிப் ஹன்டர், தன் கூண்டு வீரர் கிங்கோடு ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களைத் துரத்திக்கொண்டு கடல் பக்கம் போனார், இருவரும் திரும்பவில்லை. அந்த மாதக் கடைசியோடு டிஃபையன்டுகளைப் பகல் சண்டையிலிருந்து எடுத்துவிட்டு, முழுக்கக் கறுப்பு அடித்து இரவுக் காவலுக்கு அனுப்பினார்கள். சில மாதங்கள்தான். அதற்குள் ஒரே விமானத்துக்கு மூன்று வேஷம்.

நான் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஒரு காரணம் அந்தக் கூண்டு. சோளக்கொட்டை அளவு இருக்கையை இடுக்கியால் பிடித்து அதற்குள் வைக்கும்போது ஒன்று தெரிந்தது: இதற்குள் போய் உட்காரலாம், அவசரத்துக்கு வெளியே வர முடியாது. கதவு பின்பக்கம். கூண்டைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் வழி கிடைக்கும். அது சுழல்வது மின்சாரத்தால். அடிபட்டு மின்சாரம் போனால் கையால் சுற்ற வேண்டும், விமானம் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கும்போது. டிஃபையன்டில் விமானிகள் தப்பிய சம்பவங்களிலும் கூண்டு வீரர்கள் தப்பாமல் போனதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

யுத்தத்தை ஆராதிக்கிற பொழுதுபோக்கு இது என்று ஒரு வாசகர் கண்டித்திருக்கிறார். கோபம் எனக்குப் புரிகிறது. பெட்டியின் மேல் நெருப்பும் புகையுமாக வரைந்து வைத்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த இருக்கையை வைத்துப் பார்த்தவன் யுத்தத்தை வீரசாகசம் என்று பேச மாட்டான் என்பது என் கட்சி.

இந்த 1/72 என்ற கணக்குக்கும் போரில் வேலை இருந்தது. ஆறடி மனிதர் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். அதுதான் அதன் வசதி. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் கேட்டது: 50 ரகம், ரகத்துக்குப் பத்தாயிரம். எல்லாம் 1/72, எல்லாம் கறுப்பு. அதை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை அரை மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பார்ப்பது போலவே இருக்கும். வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலை வைத்தே சொல்ல வீரர்களைப் பழக்கினார்கள்.

டாங்கிக்காரர்களின் 1/35 கணக்கு இன்னும் வேடிக்கை. ஜப்பானின் ஷிசுவோகா ஊர் மரவேலைக்குப் பேர்போனது. அங்கே மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. அது மோட்டார் வைத்து ஓடும் பொம்மை. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் கொள்ள எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு வந்தது. சக்கைப் போடு போட்டதால் அடுத்தடுத்த டாங்கிகளும் அதே அளவில் வந்தன. மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்தன. இன்று உலகம் முழுவதும் டாங்கி மாதிரி என்றால் 1/35தான். பேட்டரி போய்விட்டது, கணக்கு மட்டும் நிற்கிறது.

அடுத்து ஒரு சண்டை. அழுக்கு, எண்ணெய்க் கசிவு, பெயர்ந்த வண்ணம் இவற்றையெல்லாம் காட்டுவதில் இப்போது ஒரு போட்டியே நடக்கிறது. டாங்கியில் சேறும் துருவும் எவ்வளவு வேண்டுமானாலும் பூசுங்கள், பொருந்தும். விமானத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதல் விஷயம், அலுமினியம் துருப்பிடிக்காது. அடுத்தது, 1/72 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் வண்ணம் பெயர்ந்தது போல் காட்டினால் நிஜத்தில் அது ஏழு சென்டிமீட்டர். அப்படி இருபது இடத்தில் பெயர்ந்தது போல் காட்டினால் நம்பும்படி இருக்காது. மூன்றாவது, 1940-ன் அந்தக் கோடையில் பல விமானங்கள் சில வாரங்களே இருந்தன. பழசாக அவற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை. என் டிஃபையன்டில் புகைபோக்கிக்குப் பின்னால் கொஞ்சம் கரி, விமானி ஏறும் இடத்தில் கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஒற்றை எஞ்சின் விமானம், 1/72 அளவு எடுங்கள். விலை கையைக் கடிக்கும். ஆகவே பெரிய கிட்டில் கை வைக்காதீர்கள். ஏர்பிரஷ் இப்போதைக்கு வேண்டாம், நல்ல தூரிகை இரண்டு போதும். துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. சின்னங்களும் எழுத்துகளும் டெக்கலாக வரும், பபிள்கம்மோடு கொடுத்த ஸ்டிக்கரைத் தண்ணீரில் நனைத்துக் கையில் ஒட்டிக்கொள்வோமே, அந்த மாதிரி. அதை ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடியுங்கள். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி போல் மின்னும். சென்னை, நாகை பக்கத்துக்காரர்கள் மழை நாளில் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். காற்றின் ஈரத்தில் வெளுத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பசை நெடி நல்லதல்ல.

டிஃபையன்ட் ஆயிரத்துக்கு மேல் கட்டினார்கள். முழுசாக மிச்சம் இருப்பது ஒன்றுதான். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில், இரவுக் கறுப்பில். அதுவும் மெட்ராஸ் ஸ்க்வாட்ரனுடையது அல்ல, போலந்து நாட்டவர்கள் பறந்த 307-வது ஸ்க்வாட்ரனுடையது.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். 1940, 41-ல் சென்னை மாகாணப் போர் நிதிக்கு உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பணம் கொடுத்த ரசீது, பத்திரம், பதக்கம், ஒரு துண்டுக் கடிதம், ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்க மாட்டேன் என்று மறுத்த கதை வீட்டில் வழங்கி வந்தால் அதையும் எழுதுங்கள். அசலை அனுப்ப வேண்டாம். படம் எடுத்து, ஊரையும் தெரிந்த விவரத்தையும் எழுதி, ஆசிரியர் பக்கத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். போதுமானவை சேர்ந்தால் ஓர் இதழில் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்