குறைமாதக் குழந்தையும் கொழுப்பும்

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பேரனுக்குக் கழுதைப் பால் புகட்டலாமா என்று வெதுருகுப்பத்து அம்மையார் ஒருவர் நம்மை வினவினார். குழந்தை திருப்பதி மருத்துவமனையில் இருந்தது. ‘நெலலு நிண்டனி பிட்ட’ என்று அங்குள்ள தாதியர் கூறியது மட்டும் அவருக்கு விளங்கியதாம், மற்றவை விளங்கவில்லை. கழுதைப் பால் வேண்டாம் என்றோம். காரணம் கேட்டார், அதனையே இங்கு எழுதுகிறோம்.

கருவிலுள்ள சிசு தன் உடலிற் கொழுப்பைச் சேர்ப்பது பெரும்பாலும் இறுதி மூன்று மாதங்களிலேதான். நிறைமாதக் குழந்தையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு கொழுப்பாகும். 28 வாரத்தில், ஒரு கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தைக்கோ அது மிகச் சில பங்கே. ஆதலின் குளிருக்குப் போர்வையுமில்லை, பசிக்குச் சேமிப்புமில்லை. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்னும் கொழுப்பும் அம்மாதங்களிலேயே மிகுதியாய்ச் சேர்கிறது.

இத்தகைய குழந்தைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 115 முதல் 140 கலோரி தேவையென்று ஐரோப்பிய நிபுணர் குழு 2022ல் வகுத்தது. தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்தே வருவது. கழுதைப் பாலிற் கொழுப்பு மிகச் சொற்பம். போதாக்குறைக்குக் காய்ச்சாத பாலில் கிருமிப் பயமும் உண்டு. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் சேனையாக வைக்கும் வழக்கத்தையும் இங்கே விட்டொழிக்க வேண்டும்.

முதிராத குழந்தைக்குக் கொழுப்பைச் செரிக்கும் கணையநீரும் பித்தநீரும் குறைவு. எனினும், செரிப்பதற்கான நொதியொன்று தாய்ப்பாலிலேயே கலந்து வருகிறது! அப்பாலைக் காய்ச்சினால் நொதி அழிந்துபோம். 1989ல் பம்பாய் சயான் மருத்துவமனையில் தொடங்கிய தாய்ப்பால் வங்கி போன்றவற்றில், கிருமி நீக்கத் தானப்பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்குவர். அதில் இந்நொதி எஞ்சாது. பெற்றவளின் பால் போதாதபோது தானப்பாலே அடுத்த துணை. ஆயினும் முதலிடம் பெற்றவளின் பாலுக்கே.

பீய்ச்சும்போது முதலில் வரும் பால் நீர்த்திருக்கும். கடைசியில் வருவதே கொழுப்பு மிக்கது. ஆகவே பாதியில் நிறுத்துதல் கூடாது. கொழுப்பு பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். மெல்லச் சுழற்றிக் கலக்கிய பின்னரே ஊட்டவேண்டும். உறிஞ்சவும் விழுங்கவும் 34 வாரமளவில்தான் இசைவு வரும். அதுவரை குழாய், பின்னர் பாலாடை. ஆம், நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான்! மிகச் சிறிய குழந்தைக்குப் பாலோடு புரதமும் தாதுக்களும் சேர்ப்பது மருத்துவர் பொறுப்பு.

உண்ட கலோரி குளிரில் வீணாகாதிருக்கக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பர். 1978ல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டாவில் இம்முறை தோன்றியது. தந்தையும் பாட்டியும் அணைக்கலாம் என்றதும் அம்மையாரின் முகம் மலர்ந்தது. மறுநாட் காலைப் பேருந்திலேயே திருப்பதிக்குப் புறப்பட்டுவிட்டார்.