பட்டியல் வாசித்தது போதும்!

அன்பிற்குரிய முஸ்லிம் இளைஞனே! வணிகப் பெருமக்களே!

ஆண்டுதோறும் அக்டோபர் 17 அன்று சர் சையத் அஹ்மத் கான் பிறந்த நாளில் அலிகர் பழைய மாணவர்கள் உலகெங்கும் கூடுகிறார்கள். குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஜாகிர் உசேன் எங்கள் மாணவர்! எல்லை காந்தி கான் அப்துல் கபார் கான் எங்கள் மாணவர்! 1984 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்ற ஜாபர் இக்பால் எங்கள் மாணவர்! நம்மூர் மேடைகளிலும் இந்தப் பட்டியல் முழங்குகிறது.

கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், பட்டியலுக்குக் கை தட்டியவரின் மகன் எங்கே? பிளஸ் டூ முடித்த கையோடு கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். இல்லையேல் வளைகுடா விசாவுக்காக ஏஜெண்ட் வாசலில் நிற்கிறான்!

2006ல் சச்சார் குழு சொன்னதை மறந்துவிட்டோமா? நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் இளங்கலை மாணவர் 25 பேரில் ஒருவரே முஸ்லிம். முதுகலையில் 50 பேரில் ஒருவர்! 2001 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையில் 13 சதவீதத்துக்கு மேல் இருந்த சமுதாயத்தின் நிலை இது.

அலிகர் யார் போட்ட பிச்சை? 1875ல் சிறு மதரஸாவாகத் தொடங்கியது. பல்கலைக்கழகம் வேண்டுமானால் 30 லட்ச ரூபாய் திரட்டுங்கள் என்றது ஆங்கில அரசு. ஆகாகான் ஊர் ஊராகச் சென்றார். சமுதாயம் வாரிக் கொடுத்தது. 1920ல் பல்கலைக்கழகம் எழுந்தது. அதைச் சட்டம் இயற்றி நிறுவியது அரசுதான், முஸ்லிம்கள் அல்ல என்று 1967ல் அஜீஸ் பாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாதத்தை உடைக்க 57 ஆண்டுகள் ஆயின. 2024 நவம்பர் 8ல் ஏழு நீதிபதிகளில் நால்வர் அத்தீர்ப்பு செல்லாது என்றனர். அலிகர் சிறுபான்மை நிறுவனமா என்ற கேள்வியை வேறொரு அமர்வுக்கு விட்டனர்.

உரிமைக்காக நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டும். வென்ற பின் வகுப்பறைப் படி ஏற ஆள் வேண்டாமா?

பெண்ணுக்கு எதற்குப் பட்டம் என்று இன்னமும் கேட்போரே! அலிகரில் 1906லேயே ஷேக் அப்துல்லாவும் அவர் துணைவியார் வஹீத் ஜஹானும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். 1920ல் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரே போபால் பேகம் சுல்தான் ஜஹான்! அங்கும் ஒரு பெண், நைமா கத்தூன், துணைவேந்தராக 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. நாம் எத்தனை தலைமுறை காத்திருப்போம்?

வணிகர்களே! வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919ல் எழுந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951ல் எழுந்தது. தோல் வணிகமும் கடையும் நடத்திய கைகள் கொடுத்த கொடை அவை. அந்தக் கைகளின் வாரிசுகள் இன்று ஒரு வேளை வலீமா விருந்துக்கு லட்சங்களைக் கொட்டுகிறோம்!

2022ல் மத்திய அரசு மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை நிறுத்தியது. கண்டனத் தீர்மானம் போட்டோம், நல்லது. ஆய்வைப் பாதியில் விட்ட பிள்ளைக்கு எந்த ஜமாஅத் கை கொடுத்தது?

ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஒரே ஒரு ஏழை மாணவரைச் சட்டத்துக்கோ ஆய்வுக்கோ பொறுப்பேற்று அனுப்பட்டும். ஜகாத்தில் அவருக்கும் பங்கு உண்டு. இளைஞனே, தமிழகத்தில் 2007ல் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீட்டில் உன் விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்!

முன்னோர் பட்டியல் முடிந்துவிட்டது. அடுத்த பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்!