தோல் கப்பலேறினால் வேலையும் கப்பலேறும்!

திருபுவனைத் தொழிற்பேட்டைத் தோழர்களே! ஆம்பூர் ஷூ தொழிலைப் பற்றி நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. "அயல்நாட்டுப் போட்டி" என்று சொல்லி அங்கே கூலியில் கை வைத்தால், நாளை அதே பல்லவி நம் ஆலை வாசலிலும் கேட்கும்.

போட்டியில் வெல்வது எப்படி? ஒரு காலத்தில் நம் தோல் அரைகுறையாய்ப் பதனிடப்பட்டுக் கப்பலேறிற்று. ஷூ தைக்கும் கூலியும் லாபமும் ஐரோப்பாவுக்குப் போயின. 1972-ல் சீதாராமையா கமிட்டி இதற்கு மாற்று சொன்னது. மறு ஆண்டில் அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகே ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ ஆலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது.

இப்போது நடந்திருப்பதென்ன? 2025 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார், 22 லட்சம் பேருக்கு வேலை கிடைக்குமென்று காலணித் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதே பட்ஜெட்டில், மெருகேற்றாத 'கிரஸ்ட்' தோல் மீதிருந்த நூற்றுக்கு 20 ஏற்றுமதி வரியை நீக்கியது! சிறு பதனிடுவோர் பிழைப்பார்கள் என்பது அவர்கள் வாதம். தோலை வெளியே அனுப்பிவிட்டு இங்கே எதைத் தைப்பது? போதாக்குறைக்கு, அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி நூற்றுக்கு 50-ஐ எட்டியது.

அந்த அடியையும் தொழிலாளி முதுகிலேயே இறக்குவதா? மலிவு என்ற பெயரில் பாதுகாப்பைப் பலியிட்டால் என்ன ஆகும்? 2015-ல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் மாண்டதை மறக்கலாமா?

கூலியைக் குறைத்துப் பெறுவது வெற்றியல்ல. நம் தோல் இங்கேயே ஷூவாகட்டும். பலன் உழைப்பவர்க்கே சேரட்டும்!