வகுப்பை அடக்குவது எப்படி?

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியருக்கு ஓய்வறையில் மூத்தவர்கள் ஓதும் முதல் மந்திரம்: ‘மொத வாரம் சிரிச்சிராதீங்க சார். பயம் காட்டிட்டா வருசம் பூரா வகுப்பு உங்க கையில.’ இரண்டாவது மந்திரத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: ‘காலனிப் பசங்ககிட்ட மட்டும் கொஞ்சம் கறாரா இருங்க.’

இரண்டாவது மந்திரம்தான் முதல் மந்திரத்துக்கு உரை.

ஊர்ப்பிள்ளை பேசினால் துடுக்கு. சேரிப்பிள்ளை பேசினால் திமிர். அவனுக்குக் கண்டிப்பு, இவனுக்குப் பிரம்பு. கரும்பலகையில் பேசியவர் பெயரை எழுதும் சட்டாம்பிள்ளை எந்தத் தெரு, வகுப்பைக் கூட்டக் கூப்பிடப்படுகிறவன் எந்தத் தெரு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஊரின் வரைபடம் கிடைத்துவிடும்.

அண்ணல் அம்பேத்கர் சதாரா பள்ளியில் தனிக் கோணியில் உட்கார்ந்து படித்தார். அந்த வகுப்பும் ‘ஒழுங்காக’த்தான் இருந்திருக்கும். 1995இல் சேலம் மாவட்டத்தில், பள்ளிப் பானையில் தண்ணீர் குடித்த தலித் சிறுமியை ஆசிரியர் அடித்ததில் ஒரு கண்ணின் பார்வை போனது. அதற்கும் பெயர் கண்டிப்பு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. சட்டம் அலமாரியில் இருக்கிறது. பிரம்பு மேசைமேல் இருக்கிறது.

2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்கும்படி 2024இல் பரிந்துரைத்தது. பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வைக்கவே இங்கே ஒரு நீதிபதி வேண்டியிருக்கிறது!

‘அப்ப வகுப்ப எப்படிய்யா அடக்குறது?’ அடக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளை அடக்கத்தான் ஊரே இருக்கே, பள்ளிக்கூடம் வேற எதுக்கு?

உதவித்தொகைப் படிவம் வந்தால் ‘எஸ்.சி. எல்லாம் எந்திரி’ என்று கத்தாதீர்கள்; தனியே கூப்பிட்டுக் கொடுங்கள். ஏழாம் வகுப்பில் அப்படி எழுந்து நின்றவன் நான். படிவத்தை வாங்கிய பிறகும் மணியடிக்கும்வரை உட்காரச் சொல்லவில்லை. படிவத்தில் என்ன எழுதினேன் என்பது மறந்துபோனது. திரும்பிப் பார்த்த கண்கள் மறக்கவில்லை.

கூட்டுகிற வேலைக்கு எல்லோருக்கும் முறை வையுங்கள். ஒருநாள் நீங்களும் துடைப்பத்தைப் பிடியுங்கள். கடைசி பெஞ்சுப் பக்கம் நின்று பாடம் நடத்துங்கள். கேள்வி கேட்கிறவனை முறைக்காதீர்கள். அவன் அப்பன் ஊரில் கேட்க முடியாத கேள்வியை அவன் இங்கேதான் கேட்டுப் பழக வேண்டும்.

வகுப்பு சத்தமாக இருக்கும். இருக்கட்டும். அமைதி சுடுகாட்டிலும்தான் இருக்கிறது. அங்கேயும் எங்களுக்குத் தனி இடம்தான்.