250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டாமா? விதி சொல்வது பாதிதான்

கல்லணைக் கால்வாய்க் கரை, மாலை ஐந்தரை மணி. நடவு முடிந்த வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. வார இறுதிக்கு சென்னையிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பையிலிருந்து ட்ரோனை எடுக்கிறார். ரெண்டு நிமிஷ ரீல்ஸ், அவ்வளவுதான். டெல்டாவில் இது இப்போது சாதாரணக் காட்சி. அந்த ட்ரோன் காற்றில் தடுமாறி, கரைச் சாலையில் பைக்கில் போகிறவர் மேல் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ட்ரோன் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இது 250 கிராமுக்குக் கீழேங்க, இன்ஷூரன்ஸ் தேவையில்லை" என்பார்கள்.

பதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

விதியில் என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்ட் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகளில் 44-வது விதி இன்ஷூரன்ஸ் பற்றியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் உள்ள ஏற்பாடுகள், தேவையான மாற்றங்களோடு ட்ரோனுக்கும் பொருந்தும் என்கிறது அது. பைக்குக்கு 'தேர்ட் பார்ட்டி' எப்படிக் கட்டாயமோ, அதேபோல. விலக்கு 'நானோ' வகைக்கு மட்டும். அதாவது 250 கிராம் வரை.

அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. பொழுதுபோக்குக்காக மைக்ரோ பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் இன்ஷூரன்ஸ் வேண்டும். "லைசென்ஸே வேண்டாம்னா இன்ஷூரன்ஸ் எதுக்கு?" என்று இந்த இடத்தில்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. யூ.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண் நானோவுக்கும் வேண்டும். கட்டணம் 100 ரூபாய்.

எடையிலும் ஒரு பொறி இருக்கிறது. விதி பார்ப்பது பறக்கும்போது உள்ள மொத்த எடையை, பெட்டியில் அச்சடித்த எடையை அல்ல. டிஜேஐ மினி 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பேட்டரியோடு 249 கிராம். கூடுதல் நேரம் பறக்கும் பிளஸ் பேட்டரியைப் போட்டால் சுமார் 290 கிராம். பேட்டரியை மாற்றிய அந்த நிமிஷமே உங்கள் நானோ மைக்ரோ ஆகிவிடுகிறது, தேர்ட் பார்ட்டி கட்டாயமாகிவிடுகிறது.

விலக்கு யாருக்கு?

சரி, உங்களுடையது உண்மையிலேயே நானோதான் என்று வைத்துக்கொள்வோம். விதி உங்களுக்குக் கொடுத்திருப்பது பாலிசி எடுப்பதிலிருந்து விலக்கு. இழப்பீடு கொடுப்பதிலிருந்து அல்ல. உங்கள் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் என்றால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். பாலிசி இல்லை என்றால் பணம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். உங்களால் கொடுக்க முடியாவிட்டால் நஷ்டம் அவருக்கு.

அந்த 'அவர்' யார் என்று யோசித்துப் பாருங்கள். நம்மூரில் ட்ரோனுக்குக் கீழே இருப்பவர் பெரும்பாலும் குனிந்து நாற்று நடுகிற பெண், இல்லையென்றால் வரப்பில் மாடு ஓட்டிப் போகிறவர். 249 கிராம் சின்ன எடைதான். ஆனால் சுழலும் இறக்கையோடு மேலிருந்து கண்ணில் விழுந்தால் சின்ன விஷயமில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை என்றால் ஒரு வாரக் கூலி போச்சு.

அதே வயலில் மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோனைப் பாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான 'நமோ ட்ரோன் திதி' திட்டத்தில் ஓராண்டு முழுக் காப்பீடு தொகுப்பிலேயே சேர்ந்து வருகிறது. தொழிலுக்கு ஓட்டுகிறவர் பயிற்சி, சான்றிதழ், இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றோடும் வருகிறார். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற நாம் பேட்டரியை மட்டும் சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறோம்.

பாலிசி இருந்தும் பணம் வராத இடங்கள்

2021-ல் ட்ரோபோகோ நிறுவனத்தோடு சேர்ந்து எச்.டி.எஃப்.சி. எர்கோவும், 2022-ல் பஜாஜ் அலையன்ஸும் ட்ரோன் பாலிசிகளை அறிமுகப்படுத்தின. அதனால் இந்தியாவில் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தேர்ட் பார்ட்டி என்பது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு. உங்கள் ட்ரோன் சேற்றில் விழுந்து போர்டு நனைந்தால் அதற்கு 'ஹல்' கவர் தனி. ஆசையாய் வாங்கிய பொருள் என்பதால் நம் மனசு முதலில் ஹல்லுக்குத்தான் போகும். முதலில் தேர்ட் பார்ட்டி எடுங்கள். கேமரா போனால் கேமராவோடு போகும். கோர்ட் கேஸ் அப்படி முடியாது.

அடுத்தது பில். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அதன் பிறகு 'ஃபிரெண்டோட ஃபிரெண்டு துபாயிலேருந்து கொண்டுவந்தது' வகை ட்ரோனுக்கு முறையான பில்லும் இருக்காது, யூ.ஐ.என். எடுப்பதும் கஷ்டம். இது இரண்டும் இல்லாமல் பாலிசி கேட்டுப் போவது ஆர்.சி. புக் இல்லாமல் பைக் இன்ஷூரன்ஸ் கேட்பது போலத்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இடமும் முக்கியம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படைப்பிரிவே இங்கு நிற்கிறது. விமான தளத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் பறக்கும் பச்சை மண்டலம் கிடையாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான். பெரிய கோயில் அந்த 8 கி.மீ.க்குள் வந்துவிடுகிறது, போதாக்குறைக்குத் தொல்லியல் துறையின் அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாத வான்வெளியில் பறந்து விபத்து நடந்தால், பாலிசி கையில் இருந்தாலும் கிளெய்ம் நிற்பது சந்தேகம்.

கடைசிப் பொறி நம் நல்ல மனசு. "மச்சான், தங்கச்சி வளைகாப்புக்கு ஒரு டாப் ஷாட் எடுத்துக் குடு" என்பார் நண்பர். எடுத்துக் கொடுக்கிறோம். பெட்ரோலுக்கு வைத்துக்கொள் என்று 2,000 ரூபாயைக் கையில் திணிப்பார். அதோடு அது பொழுதுபோக்கு இல்லை என்று நிறுவனம் வாதாட வழி கிடைத்துவிடும். மைக்ரோ ட்ரோனாக இருந்தால் ரிமோட் பைலட் சான்றிதழ் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். மண்டபத்தில் கூட்டம் அதிகம், விபத்து வாய்ப்பும் அதிகம். கவர் இல்லாமல் போவதும் அங்கேதான்.

என்ன செய்யலாம்?

ஜெர்மனியில் பொழுதுபோக்கு ட்ரோனுக்கும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனில் 20 கிலோவுக்குக் கீழே, பொழுதுபோக்கு மட்டும் என்றால் கட்டாயமில்லை. நாம் 250 கிராமில் கோடு போட்டிருக்கிறோம். 2025 செப்டம்பரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட ட்ரோன் மசோதா வரைவும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயம் என்கிறது.

நம் கருத்து, கோட்டை எங்கே போடுவது என்று சண்டை போடுவதைவிட, யூ.ஐ.என். எடுக்கும்போதே ஒரு சிறிய தேர்ட் பார்ட்டி தொகையையும் சேர்த்து வாங்கிவிடலாம். புது டூவீலருக்கு 2018 செப்டம்பரிலிருந்து ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டியை ஷோரூமிலேயே கட்டிவிட்டுத்தானே வண்டி எடுக்கிறோம்? ட்ரோனுக்கும் அதே பழக்கம் வரட்டும். நானோவையும் விடாமல்.

அதுவரை, விபத்து நடந்துவிட்டால் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு இடத்தைக் காலி பண்ணாதீர்கள். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விழுந்த இடத்தைப் போட்டோ எடுங்கள், ஆப்பில் உள்ள ஃபிளைட் லாகை அழிக்காதீர்கள், நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். டி.ஜி.சி.ஏ.வுக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க விதி தரும் நேரம் 48 மணி.